ஓர் ஆட்டை நகர்த்தக் கடல் கடந்தவர்

1938-ஆம் வருஷம் மே மாதம் 9-ந் தேதி, திங்கட்கிழமை, விடியற்காலை ஐந்து மணி பத்து நிமிஷம். வானத்தில் மேகம் இல்லை, காற்று இல்லை, புதுக்கோட்டை ரயில் நிலையத்து வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. பிளாட்பாரத்தில் எங்கள் சாமான்கள் பதினொன்று இருந்தன. பத்து என்று எண்ணித்தான் வீட்டிலிருந்து கிளம்பினோம். பதினொன்றாவது, ஆட்டுக்கார மாமாவின் கக்கத்தில் இருந்தது. பழைய வேட்டியில் சுற்றிய ஒரு பலகை.

வியாபாரத்துக்காகக் கடல் கடந்தவர்கள் உண்டு. கடனுக்குப் பயந்து கடல் கடந்தவர்களும் உண்டு. ஒரு புளியங்கொட்டையை ஒரு புள்ளியிலிருந்து பக்கத்துப் புள்ளிக்கு நகர்த்துவதற்காகக் குடும்பத்தோடு கடல் கடந்தவர் ஆட்டுக்கார மாமா ஒருவர்தான். எந்தச் சபையிலும் இதைச் சத்தியம் செய்து சொல்வேன். ஏனென்றால் செலவு என்னுடையது.

அவர் என் மனைவி சிவகாமியின் பெரியப்பா. கோர்ட் வாசலில் ஒரு மேஜை போட்டு முத்திரைக் காகிதம் விற்றுக்கொண்டிருந்தார். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. தபால்காரருக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். "ஆட்டுக்காரர், புதுக்கோட்டை" என்று எழுதினால் போதும், கார்டு வந்துவிடும்.

இத்தனைக்கும் அவரிடம் ஓர் ஆடும் கிடையாது. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் பெயரை நம்பி, குழந்தைக்கு ஆட்டுப்பால் வேண்டுமென்று செம்போடு வந்து நிற்பார்கள்.

"நம்ம ஆடு பால் கறக்காதும்மா, புலியைக் கட்டும்" என்பார் மாமா. செம்போடு வந்தவள் இரண்டு அடி பின்வாங்குவாள்.

விஷயம் வேறொன்றுமில்லை, ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆட்டைத் தாண்டி வெட்டினால் புலிக்கு வெற்றி. மூன்று புலியும் நகர வழியில்லாமல் சூழ்ந்துகொண்டால் ஆட்டுக்கு வெற்றி. மாமா எப்போதும் ஆட்டுப் பக்கம்தான். ஒருமுறை எங்கள் தெருவுக்குள் கோவில் காளை ஒன்று புகுந்து நாலு பேரை ஓட ஓட விரட்டியது. எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டோம். மாமா மட்டும் நடுத்தெருவில் நின்று, "மாப்ளே, நீங்க அந்த முக்குக்குப் போங்க. பால்காரரே, அங்கிட்டு நில்லுங்க. எவனும் கம்பெடுக்காதே! சும்மா நின்னாப் போதும்" என்று எங்களை ஒவ்வொரு மூலையிலும் நட்டார். பத்து நிமிஷத்தில் காளை மளிகைக் கடைக்கும் குழாயடிக்கும் நடுவில் திரும்ப இடமில்லாமல் நின்றுவிட்டது. அதன் முகத்தில் இருந்த திகைப்பை நான் இன்றும் மறக்கவில்லை. என் முகத்திலும் அதேதான் இருந்தது என்று சிவகாமி சொல்லுவாள்.

புதுக்கோட்டையில் அவரோடு ஆட ஆள் இல்லாமல் போய்விட்டது. அந்த நாளில் ஒரு வாரப் பத்திரிகையில் பேனா நண்பர்களுக்கென்று அரைப் பக்கம் விடுவார்கள். அதில் மாமா ஓர் அறிவிப்புக் கொடுத்தார்: ஆடுபுலியில் தம்மை ஜெயிக்க ஆள் இருந்தால் தபாலில் ஆடத் தயார். ஒரே ஒரு பதில் வந்தது, இலங்கையில் மாத்தளையிலிருந்து. அவரும் பெயர் போடவில்லை. "புலிக்காரன்" என்று மட்டும் கையெழுத்து.

ஆறு வருஷம். போக ஒரு கார்டு, வர ஒரு கார்டு. பலகையில் உள்ள இருபத்து மூன்று புள்ளிகளுக்கும் நம்பர் போட்டுக்கொண்டார்கள். "ஆடு 14, 13" என்று இங்கிருந்து போகும். "புலி 9, 4" என்று அங்கிருந்து வரும். அதற்கு மேல் ஓர் எழுத்து இருக்காது, இருக்கவும் கூடாது. அது முதல் கார்டிலேயே இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட சட்டம். கார்டில் பேச்சுக் கொடுத்து எதிராளியின் யோசனையைக் கெடுக்கக் கூடாதாம். மீறினால் ஒரு வார்த்தைக்கு ஒரு காய் தண்டம். ஒரு தீபாவளிக்கு மாமா ஆசை மிகுதியில் ஓரத்தில் "வாழ்த்து" என்று எழுதிவிட்டார். பதில் கார்டில் "ஆடு ஒன்று தண்டம்" என்று வந்தது. மாமா அரை மணி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துள்ளி எழுந்தார்.

"மாப்ளே! 'ஆடு ஒன்று தண்டம்'! இது மூணு வார்த்தை! அவன்கிட்ட மூணு புலி போச்சு!"

அந்தத் தகராறு நாலு மாதம் நடந்தது. தண்டம் கேட்பது மட்டும் பேச்சில் சேராது என்று முடிவாயிற்று. ஆடு ஒன்று போனது போனதுதான்.

இந்தக் கார்டுகளைப் பார்த்துப் போலீசுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வெறும் நம்பர், அதிலும் வெளிநாட்டுக்கு. ஏதோ ரகசியக் குறி என்று மாமாவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். ஜாமீன் கொடுக்க வேண்டியிருக்குமோ என்று நான் நடுங்கிக்கொண்டு பின்னால் போனேன். மாமா பலகையை சப் இன்ஸ்பெக்டர் மேஜையில் விரித்து விளக்கினார். சப் இன்ஸ்பெக்டர் கன்னத்தில் கைவைத்து வெகு நேரம் பார்த்தார். கடைசியில், "ஏன்யா, இந்த ஆட்டை ஏன்யா இங்க தனியா விட்டே? வெட்டிருவானே!" என்று சத்தம் போட்டார். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை கான்ஸ்டபிள் வீட்டுக்கு வருவார். மாத்தளையிலிருந்து பதில் வந்ததா என்று ஐயா கேட்டுவரச் சொன்னாராம்.

1938 ஏப்ரலில் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடந்தன. முதலாவது, மாமாவின் இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. திருச்சியில் ஒரு கண் டாக்டர் மே 20-ந் தேதி வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்தார். "பார்வை வரலாம், வராமலும் போகலாம்" என்று அவர் உள்ளதைச் சொல்லிவிட்டார். இரண்டாவது, மாத்தளையிலிருந்து "புலி 9, 4" என்று வந்த கார்டு. இரண்டு புலி ஏற்கெனவே கட்டுப்பட்டுக் கிடந்தது. மூன்றாவது புலிக்கும் ஒரே ஒரு வழிதான் பாக்கி. பதினாலில் இருக்கும் ஆட்டைப் பதிமூன்றுக்கு நகர்த்தினால் தீர்ந்தது.

மாமா பதில் கார்டு போடவில்லை. ஒரு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, மாத்தளைக்குப் போறோம்."

"எதுக்கு மாமா?"

"ஆறு வருசம் ஆடியிருக்கேன். அவன் கறுப்பா செவப்பான்னு தெரியாது. புலி கட்டுப்படறப்ப அவன் மொகம் எப்படிப் போகுதுன்னு இந்தக் கண்ணால பாத்துரணும். அப்புறம் டாக்டர் என்னமும் பண்ணிக்கிறட்டும்."

"வர்றோம்னு ஒரு கார்டாவது போடுவோம்."

"எத்தனை வார்த்தை? அத்தனை ஆடு போகுமே!"

அத்தைக்கு இதைக் கேட்டு அதிர்ச்சி. "இந்த மனுசன் என்னைப் பொண்ணு பாக்க ஆவுடையார்கோயிலுக்கு வரலை. மூட்டு வலின்னு தம்பியை அனுப்பிச்சாரு. இப்ப முன்ன பின்ன தெரியாத ஒருத்தன் மொகத்தைப் பாக்கக் கடல் தாண்டுறாராம்!" என்றார். அவரை விட்டுவிட்டுப் போகலாம் என்று மாமா சொன்னதும், "கண்ணு தெரியாத ஆளைத் தனியா விட்டுட்டு நான் இங்க கெடந்து என்ன பண்ண? நானும் வாரேன்" என்று பெட்டி கட்ட ஆரம்பித்தார். அத்தை போனால் சிவகாமி போக வேண்டும். சிவகாமி போனால் நான் போக வேண்டும். மூன்று பக்கமும் ஆடு வந்து நின்றுவிட்டது. நான் கட்டுப்பட்டேன்.

"எத்தனை நாள் ஆகும் மாமா? எனக்கு ஆபீசில் நாலு நாள்தான் லீவு."

"போனோம், நகத்தினோம், வந்தோம்" என்றார் மாமா.

மண்டபத்தில் இறங்கினோம். இலங்கைக்குப் போகிறவர்களை அங்கே முகாமில் வைத்து, நோய் நொடி இல்லையென்று பார்த்த பிறகுதான் கப்பல் ஏற்றுவார்கள் என்று அங்கே போய்த்தான் எனக்குத் தெரிந்தது. எத்தனை நாள் என்று கேட்டேன். ஐந்து என்றார்கள். என் நாலு நாள் லீவு முகாமுக்குள்ளேயே முடிந்து, அதற்கு மேலும் ஒரு நாள் போகப்போகிறது! எனக்குத் தலை சுற்றியது. டாக்டர் என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஏன் இப்படி அடிக்குது?" என்று கேட்டார்.

அத்தைக்கு வேறு கவலை. வழிச்செலவுக்கென்று ஒரு சுருக்குப்பை நிறைய அம்மன் காசு கொண்டுவந்திருந்தார். நம் சமஸ்தானத்துக் காசு, சமஸ்தான எல்லையைத் தாண்டினால் வெறும் செம்பு. சுண்டல்காரன் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "அம்மன் மொகம் போட்டிருக்குடா, கண்ணு அவிஞ்சுபோயிரும்!" என்று அத்தை மிரட்டியும் பலிக்கவில்லை. சுண்டல் காசும் என் கணக்கில் ஏறியது.

முகாமில் எல்லோருடைய துணிமணிகளையும் வாங்கி நீராவியில் வைத்து எடுப்பார்கள். மாமாவின் பலகை வேட்டியோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. அதில்தான் ஆட்டம் இருந்தது. நகர்ந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு காயையும் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தார். ஆடுகளுக்குப் புளியங்கொட்டை, புலிகளுக்குக் கூழாங்கல். நீராவியில் பசை இளகி, அத்தனையும் மூட்டைக்குள் கொட்டிப்போய் வந்தது. ஆறு வருஷத்து ஆட்டம் ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டையாகிவிட்டது.

சிவகாமி அழுதே விட்டாள். மாமா பலகையை மடியில் வைத்துக்கொண்டு, கொட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவி எடுத்து, விரலால் புள்ளிகளைத் தேடித் தேடி வைத்தார். "இது மூணு. இது எட்டு. இது பதினாலு." எல்லாம் வைத்து முடித்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார். சரியாக வைத்தாரா என்பது எனக்குத் தெரியாது. அந்தச் சந்தேகம் என்னை வழியெல்லாம் அரித்துக்கொண்டே வந்தது.

சனிக்கிழமை விட்டார்கள். தனுஷ்கோடியில் கப்பல் ஏறினோம். அலை குறைவுதான் என்றார்கள், நான் மூன்று முறை வாந்தியெடுத்தேன். அந்தக் கரையில் ரயில் ஏறி, இடையில் மாறி, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மாத்தளை போய்ச் சேர்ந்தோம். மழை பெய்துகொண்டிருந்தது. புலிக்காரர் வீடு எது என்று கேட்டதும் கடைத்தெருவில் உடனே காட்டிவிட்டார்கள். அவருக்கும் ஊரில் அதுதான் பெயர்.

வீடு பூட்டியிருந்தது.

பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார். "யாரைத் தேடுறீங்க? அவங்க யாரும் இல்லையே! வெள்ளிக்கிழமைதான் குடும்பத்தோட இந்தியாவுக்குப் போனாங்க."

"இந்தியாவில் எங்கே?" என்று கேட்டேன். பதில் எனக்கு முன்பே தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

"புதுக்கோட்டையாம். அங்க யாரோ ஆட்டுக்காரராம். பதினஞ்சு நாளா அவர்கிட்ட இருந்து கார்டு வரலையாம். மூணாவது புலியும் மாட்டிக்கிடுச்சு, தோக்கிறதுதான் தோக்குறேன், ஜெயிக்கிறவன் மொகத்தைப் பாத்துக்கிட்டே தோக்குறேன்னு கெளம்பிட்டாரு. வாறோம்னு ஒரு கார்டு போட்டுட்டுப் போங்கன்னு சொன்னேன். புலி போயிரும்ங்கிறாரு! அவருக்குக் கொஞ்சம் இப்பிடித்தான்." அந்த அம்மாள் நெற்றிப் பக்கம் விரலைச் சுழற்றிக் காட்டினார்.

அத்தை அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு, ஆத்தா" என்றார்.

நாங்கள் கப்பலில் வந்த அன்றைக்கே அவர்கள் எதிர்க் கப்பலில் போயிருக்கிறார்கள். நான் வாந்தியெடுத்த கடலிலேயே! இப்போது புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு குடும்பம் நிற்கும். இங்கே அவர்கள் வீட்டு வாசலில் நாங்கள் நிற்கிறோம். லீவும் போய், பணமும் போய், கண்ட பலன் ஒரு பூட்டு.

மாமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்க்க முயன்றார். "மாப்ளே, உள்ளே என்ன தெரியுது?"

ஜன்னலை ஒட்டி ஒரு சிறு மேஜை. அதன்மேல் ஒரு பலகை. மூன்று ஜாதிக்காய்கள் புலிகள், காப்பிக் கொட்டைகள் ஆடுகள்.

"சொல்லுங்க, ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

நான் புள்ளி புள்ளியாகச் சொன்னேன். மாமா தம் பலகையைத் திண்டில் வைத்து, நான் சொல்லச் சொல்ல விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றுகூடத் தவறவில்லை. முகாமில் அவர் வைத்தது அத்தனையும் சரி. கடலுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று அந்த இரண்டு பலகையும் ஆறு வருஷமாக ஒரே மாதிரி இருந்திருக்கின்றன. மாமா வெகு நேரம் ஜன்னலை விட்டு அகலவில்லை.

அத்தை ஒரு குச்சியைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். "கம்பிக்குள்ள விட்டு அந்தக் கொட்டையை இங்கிட்டுத் தள்ளி விட்டுட்டு வாங்க, ஊருக்குப் போவோம். வந்த வேலை முடிஞ்சுது."

மாமா அதிர்ந்து திரும்பினார். "ஆள் இல்லாதப்ப காய் நகத்தறதா? அடிப்பாவி, அது திருட்டு!"

பக்கத்து வீட்டு அம்மாள் எங்களுக்கு இரண்டு நாள் இடமும் சோறும் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். ரயிலில் மாமா திடீரென்று கேட்டார்: "நாம அங்க இல்லைன்னு தெரிஞ்சதும் அவன் என்ன பண்ணுவான்?"

"திரும்புவார்."

"திரும்பினா?"

நான் யோசித்தேன். திரும்பினால் இலங்கைக்குப் போக வேண்டும். இலங்கைக்குப் போகிறவர் மண்டபத்தில் ஐந்து நாள் இருந்தாக வேண்டும்.

"கட்டுப்பட்டுட்டான் மாப்ளே!" என்று மாமா தொடையில் தட்டினார். தொடை என்னுடையது.

புதன்கிழமை பிற்பகல், தனுஷ்கோடியிலிருந்து வந்த ரயில் மண்டபம் முகாமில் நின்றது. வெயில் கொளுத்தியது. முகாமின் கம்பி வேலி தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே ஓடியது. வேலிக்குப் பின்னால் நூறு பேருக்குக் குறையாமல் நின்று ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதில் யாரென்று கண்டுபிடிப்பது? எங்கள் யாருக்கும் முகம் தெரியாது. மாமாவுக்கோ முகமே சரியாகத் தெரியாது.

மாமா ரயிலிலிருந்து இறங்கி, தட்டுத்தடுமாறி வேலிப் பக்கம் போய், இரண்டு கையையும் வாயருகில் குவித்துக் கத்தினார்: "புலி ஒன்பதுலேருந்து நாலூ!"

கூட்டம் திகைத்தது. ஒரு போலீஸ்காரர் எங்களைப் பார்த்து வந்தார். அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கீச்சுக் குரல் ஒன்று கிளம்பியது. "ஆடு பதினாலுலேருந்து பதிமூணு! அதானே? அதானே?" குரலைத் தொடர்ந்து, கையில் சாப்பாட்டுத் தட்டோடு ஒரு மனிதர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தார். புலி என்றால் மீசையும் ஆறடி உயரமுமாக மாமா நினைத்துவைத்திருந்தார். வந்தவர் என் தோளுக்குத்தான் இருந்தார். சோடாப்புட்டிக் கண்ணாடி, மேல்வரிசையில் இரண்டே பல்.

கம்பிக்கு இந்தப் பக்கம் மாமா, அந்தப் பக்கம் அவர். இரண்டு பேரும் மூக்கு இடிக்கிற தூரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா முகத்தைச் சாய்த்துச் சாய்த்து, ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். ரயில் ஊதியது.

"ஏறுங்க மாமா!" என்று நான் அலறினேன்.

"சொல்லுய்யா! நகத்து! அதுக்குத்தானே வந்தே!" என்றார் மாத்தளைக்காரர். அவர் முகம் அழுவதற்குத் தயாராக இருந்தது.

மாமா மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னார்: "ஆடு பதினேழுலேருந்து பதினாறு!"

பதினேழா? அந்த ஆட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையே! பதிமூன்று திறந்தே கிடக்கிறதே! மாத்தளைக்காரரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பிறகு வேலியைப் பிடித்து உலுக்கினார்.

"யோவ் ஆட்டுக்காரா! ஒனக்குக் கண்ணு தெரியலையா?"

"நல்லாத் தெரியுதுய்யா!" என்றார் மாமா.

நானும் போலீஸ்காரரும் சேர்ந்து அவரைத் தூக்கி ரயிலில் போட்டோம். வேலியோரமாக மாத்தளைக்காரர் தட்டோடு ஓடிவந்தார். அவர் சோறு வழியெல்லாம் சிந்தியது.

பாம்பு கடித்தவன் மாதிரி நான் உட்கார்ந்திருந்தேன். "மாமா, தப்பாச் சொல்லிட்டீங்களே! ஜெயிச்ச ஆட்டத்தை விட்டுட்டீங்களே! இவ்வளவு செலவு பண்ணி வந்து..."

"தப்பாத்தான் சொன்னேன்" என்றார் மாமா. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கட்டிட்டா, அப்புறம் எதுக்கு மாப்ளே அவன் கார்டு போடுவான்?"

அத்தை அவருக்கு விசிற ஆரம்பித்தார்.

ஆபரேஷனில் ஒரு கண் கொஞ்சம் தேறியது, இன்னொன்று போய்விட்டது. படிக்க முடியாது. அதிலிருந்து வருகிற கார்டைப் படித்துச் சொல்வதும், போகிற கார்டை எழுதுவதும், அதற்குக் காசு கொடுப்பதும் என் வேலையாயிற்று. யுத்தம் வந்தது. நம்பர் எழுதிய கார்டுகளைத் தணிக்கைக்காரர்கள் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். புலி யுத்த ரகசியமாகிவிட்டதென்று மாமா பெருமையாகச் சொல்லிக்கொள்வார். ஆட்டம் முடியவே இல்லை. முடிகிற மாதிரி வந்தால், இரண்டு பேரில் ஒருவர் தப்பாக நகர்த்திவிடுவார்.

1946 தை மாதம் மாமா தூக்கத்திலேயே போய்விட்டார். நான் மாத்தளைக்கு ஒரு கார்டு எழுதினேன்: "ஆட்டுக்காரர் தை பதினெட்டாம் தேதி காலமானார்." ஐந்து வார்த்தை. சட்டப்படி ஐந்து ஆடு தண்டம்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. தண்டம் கேட்கவில்லை. துக்கமும் விசாரிக்கவில்லை. "புலி 4, 9" என்று மட்டும் இருந்தது.

பலகையை எடுத்து வைத்துப் பார்த்தேன். நன்றாகத் திறந்துகிடந்த இடத்திலிருந்து அந்தப் புலி தானாக நடந்துபோய் ஆடுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. மற்ற இரண்டுக்கும் முன்பே வழியில்லை. இதற்கு, வந்த வழி ஒன்றுதான் பாக்கி. அதன் பக்கத்திலேயே ஓர் ஆடு காத்திருந்தது.

மாமாவின் புளியங்கொட்டையை நான் நகர்த்தினேன். நகர்த்தியதைக் கார்டில் எழுதி, ஒரு வார்த்தை கூட்டாமல் தபாலில் போட்டேன்.

ரயில், கப்பல், சுண்டல், வெட்டிய சம்பளம், ஏழு வருஷத்துக் கார்டுகள் எல்லாம் சேர்த்து அதுவரை எழுபத்தெட்டு ரூபாய் பதினைந்தணா மூன்று தம்பிடி ஆகியிருந்தது. அந்தக் கடைசிக் கார்டு ஒன்பது தம்பிடி. ஆக மொத்தம் எழுபத்தொன்பது ரூபாய்.